பதினொரு வரிகள்: முறைமை நிர்வாகிகளுக்கான ஒரு குறுங்கால ப்ரோகிராமிங் வகுப்பை முன்வைத்து

“கொம்பியூட்டர் பாக்கிற ஆக்களுக்கு ப்ரோகிராமிங் என்னத்துக்கு?”

கடந்த மாதம் எங்களது கூடலில் ஒரு முன்மொழிவை வைத்தோம். கம்பஸ் ஆய்வுகூடங்களிலும் நூலகங்களிலும் பாடசாலைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற பன்னிரண்டு பேருக்கு ஒரு ப்ரோகிராமிங் வகுப்பு. ஆறு சனிக்கிழமைகள், நாளுக்கு நான்கு மணித்தியாலம். கட்டணம் இல்லை. விளக்கம் தமிழில். மேலே இருக்கிற கேள்விதான் முதலாவதாக வந்தது. இரண்டாவது, கணினி விஞ்ஞானம் படிக்கிற நண்பர்களிடமிருந்து: “செய்யிறதெண்டா ஒழுங்காச் செய்யுங்கோ. ஜாவாவில இருந்து தொடங்குங்கோ.” மூன்றாவது, எங்கள் பீடத்துத் தோழர்களிடமிருந்தே: “அது டெக்னிக்கல் வேலை. ஆர்ட்ஸ் படிக்கிற நாங்கள் ஏன் உதுக்குள்ள போறம்?”

மூன்றுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். வேறு வேறு கேள்விகள் போலத் தெரிந்தாலும் மூன்றும் ஒரே நம்பிக்கையில் இருந்துதான் வருகின்றன. கணினியைத் துடைத்து, வயர் மாட்டி, வைரஸ் எடுத்து, பிரிண்டருக்குள் சிக்கிய பேப்பரை இழுக்கிற ஒருவருக்கு, அந்தக் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று வாசிக்கத் தெரியத் தேவையில்லை என்ற நம்பிக்கை அது. அதற்கு என்ன விலை என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதிலிருந்து தொடங்குகிறோம்.

எங்களுக்கு முந்தைய பெட்ச் அண்ணாமாரும் அக்காமாரும் கரையோரக் கிராமங்களில் பெண்களிடம் எடுத்த நேர்காணல்கள் ஒரு துறையின் கணினியில் இருந்தன. முப்பத்தெட்டு ஒலிப்பதிவுகள். இடம்பெயர்வு, முகாம், கருவாடு, சீட்டு, திரும்பி வராத பிள்ளை என்று யாரும் புத்தகமாக எழுதாத விசயங்கள். அவை பத்திரமாக இருக்கின்றன என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஏனென்றால் பேக்கப் இருந்தது. தொழில்நுட்பம் படித்த ஒரு மாணவர் உதவியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தார். மொத்தம் பதினொரு வரி. ஒவ்வொரு பின்னேரமும் அது ஓடி, அந்தக் கோப்புறையை வெளியே செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கும். திரையில் “முடிந்தது” என்று வரும். ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொண்ட அக்கா அதைப் பார்த்துவிட்டு, லைட்டை நிற்பாட்டிக் கதவைப் பூட்டிக்கொண்டு போவா.

எழுதிக் கொடுத்தவர் பட்டம் முடித்து வெளிநாடு போய்விட்டார். ஒருநாள் யாரோ அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தங்கள் பென் ட்ரைவைச் செருகியிருக்கிறார்கள். டிஸ்க்குக்கு இருந்த ‘ஈ’ என்ற எழுத்தைப் பென் ட்ரைவ் எடுத்துக்கொண்டது. பிறகு டிஸ்க்கைத் திரும்ப மாட்டியபோது விண்டோஸ் அதற்கு ‘எஃப்’ என்று பெயர் வைத்தது. பென் ட்ரைவைக் கொண்டுவந்தவர் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஸ்கிரிப்ட் ஒவ்வொரு நாளும் ‘ஈ’ யைத் தேடியது, கிடைக்கவில்லை, பிரதி எடுக்கவில்லை. ஆனாலும் “முடிந்தது” என்று சொன்னது. முந்தைய வரிகளில் என்ன நடந்தாலும் அதைச் சொல்லும்படிதான் பதினோராவது வரி எழுதப்பட்டிருந்தது.

இப்படியே ஏழு மாதம். எட்டாவது மாதம் கணினியின் உள் டிஸ்க் செத்தது. முதலில் பிரதியெடுத்திருந்த இருபத்திரண்டு பதிவுகள் தப்பின. பிறகு சேர்த்த பதினாறும் போயின. அந்தப் பதினாறு பேரில் இரண்டு அம்மாமார் இப்போது உயிரோடு இல்லை.

விளக்கம் கேட்டு வந்த கடிதம் அக்காவுக்குத்தான் வந்தது. ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறவ. “நீங்கள்தானே பாத்தனீங்கள்?” என்று கேட்டார்கள். “முடிஞ்சுது எண்டுதானே வந்தது” என்று அவ சொன்னா. அதற்குமேல் சொல்ல அவவிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பதினொரு வரியையும் வாசிக்க அவவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஸ்கிரிப்டை எழுதியவருக்கோ, எழுதச் சொன்னவர்களுக்கோ, அந்தப் பதிவுகளை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுதிய எங்களுக்கோ ஒரு கடிதமும் வரவில்லை.

இப்போது முதலாவது கேள்வி. கணினி பார்க்கிற ஆக்களுக்கு ப்ரோகிராமிங் என்னத்துக்கு?

முதலில் இந்த ‘ஆக்கள்’ யார்? பெரிய கம்பனிகளில் ‘சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்’, அதாவது முறைமை நிர்வாகி, என்று ஒரு பதவி இருக்கும். எங்களுடைய இடங்களில் அந்தப் பெயரில் ஆள் இருப்பது குறைவு. வேலை மட்டும் இருக்கும். ஆய்வுகூட உதவியாளர் செய்வா. பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ரீச்சர் பாடம் முடிய இருந்து செய்வா. நூலகத்தில் புத்தகம் பதிகிற தம்பி, சங்கத்தில் கணக்கு எழுதுகிற அண்ணா எல்லோரும் செய்வார்கள். பயனர் கணக்குத் திறப்பது, கடவுச்சொல் மாற்றுவது, பேக்கப் எடுப்பது, சேர்வர் ஏன் நின்றது என்று பார்ப்பது எல்லாம் முறைமை நிர்வாகியின் வேலைதான். சம்பளமும் பெயரும்தான் வேறு.

“சரி, அந்த அக்காவுக்கு ப்ரோகிராமிங் தெரிஞ்சிருந்தா மட்டும் காப்பாத்தியிருப்பாவோ?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. தெரிந்தவர்கள் கையிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது.

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், சுப்பர் கம்பியூட்டரின் பேக்கப் ஸ்கிரிப்டைத் திருத்தினார்கள். பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதற்கு மேல் எழுதிவிட்டார்கள். பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுதாக வாசித்துவிட்டு ஓடுவதில்லை. வாசிக்க வாசிக்க ஓடும். பாதி வழியில் கோப்பு மாறியதால் சில மாறிகளுக்குள் ஒன்றுமே இருக்கவில்லை. பழைய லொக் கோப்புகளை அழிக்க வேண்டிய கட்டளை ஆராய்ச்சிக் கோப்புகளை அழித்தது. ஏறத்தாழ 77 டெராபைட், 3 கோடி 40 இலட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அதில் 4 குழுக்களுடையதை மீட்கவே முடியவில்லை. மாறி வெறுமையாக இருந்தால் அந்த இடத்திலேயே நில் என்று பாஷுக்குச் சொல்ல ஒரே ஒரு வரி போதும்.

2017 ஜனவரி 31இல் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர், அசல் தரவுத்தளத்தை வேறு சேர்வர் என்று நினைத்து அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் வெறுமை. பேக்கப் எடுக்கிற மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. ‘தோற்றுவிட்டேன்’ என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களையும் மின்னஞ்சல் சேர்வர் ஏற்காமல் திருப்பிவிட்டிருக்கிறது. வேறு ஒரு தேவைக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன் கையால் எடுத்திருந்த பிரதிதான் கடைசியில் காப்பாற்றியது. கிட்லாப் நடந்த எல்லாவற்றையும் பொதுவில் எழுதி வைத்தது. எங்களுடைய இடங்களில் அந்தப் பழக்கமும் இல்லை.

எங்கள் நாட்டையே எடுப்போம். 2023இல் அரச மின்னஞ்சல் முறைமையை ரான்சம்வெயார் தாக்கியது. ஏறத்தாழ 5000 முகவரிகள். மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான தரவு போனது. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இருக்கவில்லை.

இவற்றிலிருந்து ‘ப்ரோகிராமிங் தெரிந்தும் பயனில்லை’ என்று முடிவெடுப்பவர்கள் எடுக்கட்டும். எங்களுக்கு விளங்குவது வேறு. ஒரு கணினி மொழி தெரிவதோடு மூன்று பழக்கங்களும் வேண்டும். ஒன்று, தோற்றால் சத்தம்போட்டுத் தோற்கும்படி எழுதுவது. இரண்டு, அழிக்கிறதுக்கு முன் எதை அழிக்கப்போகிறோம் என்று காட்டச் சொல்லிப் பார்ப்பது. மூன்று, எடுத்த பேக்கப்பைத் திரும்ப மீட்டுப் பார்ப்பது. மீட்டுப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான். இந்த மூன்றையும் இருபத்திநான்கு மணித்தியாலத்துக்குள் படிப்பிக்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி. ஜாவாவில் இருந்து தொடங்கச் சொன்ன நண்பர்களுக்கு.

நீங்கள் அனுப்பிய பாடத்திட்டத்தை வாசித்தோம். முதல் நாள் தரவு வகைகள். இரண்டாம் நாள் நட்சத்திரக் குறிகளால் முக்கோணம் வரைவது. மூன்றாம் நாள் முதன்மை எண்கள். பிறகு வகுப்பு, பொருள், மரபுரிமை. உதாரணத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு. கடைசி நாள் எம்சிகியூ பரீட்சை. நான்கு வருடம் படிக்கப்போகிற ஒருவருக்கு இது சரியான தொடக்கமாக இருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலை ஒபிஸுக்குப் போனால், ஸ்கேன் பண்ணிய அறுநூறு கோப்புகள் பிழையான பெயரில் கிடக்கிற ஒருவருக்கு முக்கோணம் எதற்கு? ஆறு வாரத்தில் அவர் கற்றுக்கொள்ளப்போவது ஒன்றே ஒன்றுதான்: “இது எனக்கு விளங்காது.” ஒருமுறை அப்படி முடிவெடுத்துவிட்டவரைத் திரும்ப வகுப்புக்குக் கூப்பிடுவது லேசான காரியம் இல்லை.

நாங்கள் போட்டிருக்கிற திட்டம் இதுதான். முதல் சனி யாரும் எழுதுவதில்லை, வாசிப்பு மட்டும். அச்சடித்த ஒரு ஸ்கிரிப்ட், ஒரு பென்சில். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு விசயம் எழுத வேண்டும்: இது என்ன செய்கிறது, இது தோற்றால் அடுத்த வரி என்ன செய்யும். கவிதையை வரி வரியாகப் பிரித்துப் பொருள் சொல்லப் பழகிய எங்களுக்கு இது புது வேலையே இல்லை. இரண்டாவது சனி கட்டளைச் சாளரம். பட்டியல் போடுவது, தேடுவது, பிரதி எடுப்பது, பெயர் மாற்றுவது. எங்கள் கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ்தான் என்பதால் அதனோடேயே வருகிற பவர்ஷெல். அதில் அழிக்கிற கட்டளைக்குப் பின்னால் ‘வட்இஃப்’ என்று போட்டால் அது எதையும் அழிக்காது, எதை அழித்திருக்கும் என்று மட்டும் சொல்லும். அழிப்பதை அப்படித்தான் படிப்பிக்க வேண்டும்.

மூன்றாவது சனி பைத்தன். அறுநூறு கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் வேலை. ‘லூப்’ என்றால் என்ன என்று வரைவிலக்கணம் சொல்லத் தேவையில்லை. அறுநூறு என்ற எண்ணே சொல்லிக் கொடுக்கும். பைத்தனை எடுத்ததற்குக் காரணம் எளிது. இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், அதன் மூன்றாம் பதிப்பு எழுத்துகளை யூனிகோடாகவே கையாளும். இந்தக் கடைசிக் காரணம் எங்களுக்கு ஏன் முக்கியம் என்பது நான்காவது சனிக்குத் தெரியவரும்.

நான்காவது சனி பாமினி. எங்களுடைய துறைகளிலும் சங்கங்களிலும் வருடக்கணக்காக அடித்த தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடியைப் போட்டுக் காட்டுகிறது. யூனிகோடில் ‘தமிழ்’ என்று தேடினால் அந்த ஆவணம் ஒருநாளும் அகப்படாது. எழுத்துருவை நீக்கினால் வாசிக்கவே முடியாது. இதை யூனிகோடுக்கு மாற்ற வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. பாமினியில் கொம்பு முன்னுக்கு நிற்கும், மெய் பின்னுக்கு வரும். யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் கொம்பு. ‘கொ’ வைப் பிடிக்காமல் முதலில் ‘கெ’ யை மாற்றினால் ஓர் அரவு தனியே தொங்கும். எதை முதலில் மாற்றுவது, எதைப் பிறகு மாற்றுவது என்ற ஒழுங்குதான் அன்றைய பாடம். அதே நாளில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தனிடம் கேட்போம். ஐந்து என்று சொல்லும். எங்களுக்கு மூன்று எழுத்து. இகரத்தின் விசிறியையும் மெய்யின் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. இதை விளங்கிக்கொண்டவருக்கு, தமிழ்ப் பெயர் வைத்த கோப்பு ஏன் சில இடத்தில் உடைகிறது என்பதும் மெல்ல விளங்கத் தொடங்கும்.

ஐந்தாவது சனி, தோற்கப் பழகுவது. ஒரு கட்டளை வெற்றியா தோல்வியா என்பதை அது திருப்பித் தரும் எண்ணில் பார்ப்பது, லொக் எழுதுவது, நேரம் குறித்து ஓடவிடுவது, ஓடாவிட்டால் ஆளுக்குச் செய்தி போகச் செய்வது. ஆறாவது சனி மீட்பு. ஒவ்வொருவரும் தங்கள் ஒபிஸ் பேக்கப்பின் ஒரு பிரதியைக் கொண்டுவந்து வேறொரு கணினியில் திரும்ப எழுப்பிக் காட்ட வேண்டும். எழும்பாவிட்டால் அதுவும் நல்லதுதான். அங்கே, அன்றைக்கே தெரிந்துவிடும்.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. 1998இல் கிரெக் வில்சன் முதலானவர்கள் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் விஞ்ஞானிகளுக்காகத் தொடங்கிய ‘சொஃப்ட்வெயார் கார்பென்ட்ரி’ பிறகு இரண்டு நாள் பட்டறையாக உலகம் முழுக்கப் போனது. படிப்பிக்கிறவர் ஸ்லைட் காட்டாமல் எல்லோர் முன்னிலையிலும் தட்டெழுதி, பிழைவிட்டு, திருத்திக் காட்டுவார். படிக்கிறவர்களிடம் இரண்டு நிறத் துண்டுத்தாள் இருக்கும். ஒன்று ‘முடித்துவிட்டேன்’, மற்றது ‘உதவி வேண்டும்’. கையுயர்த்திக் கேட்க வெட்கப்படுகிறவர் தாளைத் திரையில் ஒட்டினால் போதும். ‘சேர்’ மாருக்கு முன் வாய் திறந்து பழகாத எங்கள் ஆக்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. “அது டெக்னிக்கல் வேலை.”

தோழர்களே, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி ஒவ்வொரு வருடமும் ஜூன் தொடக்கத்தில் எழுதுகிறோம், கூட்டம் வைக்கிறோம். நினைவு, ஆவணம், அழிப்பு, அதிகாரம் என்று பக்கம் பக்கமாகக் கதைக்கிறோம். கதைக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் பீடத்துக் கணினி அறையில் பதினாறு பெண்களின் குரல் ஏழு மாதமாகப் பிரதியில்லாமல் கிடந்தபோது எங்களில் ஒருவரும் அந்த டிஸ்க்கைத் திறந்து பார்க்கவில்லை. எரித்தவனைக் கேள்வி கேட்கத் தெரிந்த எங்களுக்கு “பேக்கப் வேலை செய்யுதா அக்கா?” என்று கேட்க வரவில்லை. நூலகம் எண்ணிம நூலகத்தை 2005 முதல் கட்டியெழுப்பியவர்கள் ‘அது டெக்னிக்கல்’ என்று விட்டிருந்தால் நாங்கள் ஒப்படைக்கு மேற்கோள் காட்டுகிற பாதிப் புத்தகம் இன்று கையில் இருக்காது. சிந்திப்பது மேசைக்கு இந்தப் பக்கம், செய்வது அந்தப் பக்கம் என்று பிரிப்பதை வகுப்பறையில் விமர்சிக்கிறோம். மண்டபத்தை விட்டு இறங்கியவுடன் அதே பிரிவினையோடு ஆய்வுகூடக் கதவைத் தட்டி, “அக்கா, இது வேலை செய்யேல்ல, பாருங்கோ” என்கிறோம்.

நாங்களும் பிழை விட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் முதல் வரைவில் சேர்டிபிகேட் கிடையாது. அறிவு சந்தைப் பொருள் இல்லை என்று பெரிதாக ஒரு வரியும் எழுதியிருந்தோம். அந்த அக்காவிடம் காட்டினோம். வாசித்துவிட்டு, “உங்களுக்குப் பட்டம் கிடைக்கும். எங்களுக்கு மட்டும் சேர்டிபிகேட் வேண்டாமோ?” என்று கேட்டா. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் அந்த ஒற்றைத் தாள் என்ன செய்யும் என்று அவவுக்குத்தான் தெரியும். வரியை வெட்டினோம். சேர்டிபிகேட் உண்டு.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும்கூடத் தமிழாக்கித் தருவோம் என்றும் எழுதியிருந்தோம். அதற்கும் அவவே மறுப்புச் சொன்னா: “திரையில இங்கிலீசிலதானே வரும். அதை எப்பிடி வாசிக்கிறது எண்டு சொல்லித் தாங்கோ.” ஆகவே விளக்கம் தமிழில், கட்டளையும் பிழைச் செய்தியும் இருக்கிறபடி ஆங்கிலத்தில். பின்னேரம் ஆறு மணிவரை என்று போட்டிருந்த வகுப்பை, பஸ் நேரம் பார்த்துக் காலை ஒன்பது தொடக்கம் ஒரு மணிவரை என்று மாற்றியதும் அவ சொல்லித்தான். ஒரு வகுப்பை யாருக்காகத் திட்டமிடுகிறோமோ அவர்களிடம் ஒருமுறை கேட்காமல் திட்டமிட்ட எங்களுக்கும் ஜாவா நண்பர்களுக்கும் அந்தக் கட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

கேட்க வேண்டியவர்களிடம் இப்போது கேட்கிறோம். சனிக்கிழமை ஆய்வுகூடத்தைத் திறந்து தாருங்கள். வகுப்புக்கு வருகிற ஊழியர்களுக்கு அந்த நாளை வேலை நாளாகக் கணக்கிடுங்கள். இருக்கிற கொஞ்ச லீவையும் வெட்டிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். இனி எந்த மாணவர் எந்த ஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்தாலும் அதை நாளாந்தம் ஓடவிடப்போகிறவருக்கு வரி வரியாக விளங்கப்படுத்தி, தமிழில் எழுதியும் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஏதும் நடந்தால் கடைசிப் படியில் நிற்கிறவருக்கு மட்டும் கடிதம் அனுப்புகிற பழக்கத்தை நிறுத்துங்கள்.

“அவைக்கு உது விளங்காது” என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு ஒன்று. போன கிழமை அந்தப் பதினொரு வரியையும் அச்சடித்து, ஒரு பென்சிலோடு அக்காவின் மேசையில் வைத்தோம். முதல் சனிக்கான ஒத்திகை என்று சொன்னோம். எந்தச் சொல் என்ன செய்யும் என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனா. இருபது நிமிடம் ஆகியிருக்கும். கடைசி வரியில் பென்சில் நின்றது.

“இது கொப்பி பண்ணினதோ இல்லையோ எண்டு பாக்காமலே முடிஞ்சுது எண்டு சொல்லுது, என்ன?”

ஓம் என்றோம்.

“இதை அண்டைக்கே ஆரும் எனக்குக் காட்டியிருக்கலாமே.”